இருத்தலும் ஓர் ஒழுக்கமே

பிரிவுக்குக் காரணம் கூறும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. ஓதுதற்குப் பிரிதல், பகை வெல்லப் பிரிதல், தூதின்பொருட்டுப் பிரிதல், பொருள் தேடப் பிரிதல் என்று தொல்காப்பியர் அவற்றை வகுத்து வைத்தார். பின்வந்த உரையாசிரியர்கள், எப்பிரிவு யாவர்க்கு உரியது, அதற்குக் கால எல்லை யாது என்றெல்லாம் நுணுகி ஆராய்ந்தனர். ஊரைவிட்டுப் போகிறவன் ஏன் போகிறான் என்னும் வினாவுக்கு நம்மிடம் இலக்கணமே உண்டு. ஊரிலேயே இருப்பவன் ஏன் இருக்கிறான் என்னும் வினாவையோ நாம் கேட்பதும் இல்லை. போக வழியில்லை, அதனால் இருக்கிறான் என்று எளிதாக முடித்துவிடுகிறோம்.

ஆயினும் இருத்தலைச் சிறப்பாகக் கண்ட மரபும் நமக்கு உண்டு. முல்லைத் திணைக்கு இருத்தலையே உரிப்பொருளாக வைத்தனர் முன்னோர். புகார் நகரைப் பாராட்டப் புகுந்த இளங்கோவடிகள், இடம்விட்டுப் பெயர்தலை அறியாத பழங்குடிகள் நிறைந்த ஊர் என்று அதனைச் சிறப்பித்தார். மக்கள் விட்டுப்போக விரும்பாத ஊரே நல்ல ஊர் என்பது அவர் கருத்துப் போலும். இவ்வளவுகோலைக் கொண்டு நம் மலையகத்தை அளந்து பார்த்தல் தகும்.

யான் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்தவன். பண்டிதர் தேர்வுக்குப் படிப்பதற்காக மலையைவிட்டு இறங்கினேன்; படிப்பு முடிந்ததும் திரும்ப ஏறினேன். அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளிலே ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். என்னிடம் படித்தவர்களுள் போனவர் பலர், இருப்பவர் சிலர். அச்சிலரைப் பற்றியதே இக்கட்டுரை.

இருத்தி வைத்த காலம்

தாமே விரும்பி இருத்தல் வேறு. பிறரால் இருத்தி வைக்கப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணராமல் மலையக இளைஞரைப் பற்றிப் பேசுவது பயனற்றது.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தொடங்கியது தமிழ்நாட்டு மக்களின் வருகை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தனர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே சேம்சு தெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழிக்கவே, மலைகள் தேயிலைக்கு மாறின. மக்களுடைய நிலை மாறவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்புவோன் தன் கடன் குறித்த 'துண்டு' என்னும் சீட்டைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. கடனைத் தீர்க்காதவன் காலடி பெயர்க்க இயலாது. அத்துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்த பின்னும், வேலை இருந்தால் காம்பரா உண்டு, வேலை போனால் குடும்பத்தோடு வெளியேற வேண்டும் என்னும் நியதி நின்றது. பற்றுச்சீட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எங்கள் பாட்டன்மார் முகம் வெளிறியதை நேரிற் கண்டவர் இன்னும் உளர்.

அடுத்து வந்தது குடியுரிமை வழக்கு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா-சாத்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. நீலகிரியிலும் பிற இடங்களிலும் மறுவாழ்வு தேடிப் போன குடும்பங்களின் கதை தனியே எழுதத்தக்கது. தலைமன்னார் - இராமேசுவரம் கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கின.

இவற்றை ஏன் நினைவூட்டுகிறேன்? போவதா, இருப்பதா என்பதை முதலில் கடன் தீர்மானித்தது. பின்பு கம்பனி தீர்மானித்தது. அதன்பின் இரு நாட்டு அரசுகள் எண்ணிக்கை போட்டுத் தீர்மானித்தன. தானே தீர்மானிக்கும் உரிமை மலையக இளைஞனுக்கு வந்து ஒரு தலைமுறைக் காலந்தான் ஆகிறது. அவன் "போகிறேன்" என்பதும் புதிது. "இருக்கிறேன்" என்பதும் அதே அளவு புதிது.

போனவரைப் பழியோம்

உரிமை வந்ததும் பலர் போயினர். புறக்கோட்டைத் துணிக்கடைகளுக்கும், வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும், செல்வர் வீடுகளுக்கும், கட்டுநாயக்கத் தையற்சாலைகளுக்கும், மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போயினர். அவர்களைப் பழிப்பதற்கு எவருக்கும் தகுதியில்லை. நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்கே ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. 2021இலேதான் அது கைகூடியது. பின்னர் அத்தொகை உயர்ந்தது. அரிசி விலையும் உடன் உயர்ந்தது. நிறுத்த கொழுந்து குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிறது. அட்டைக்கடியிலும் மழையிலும் கூடை சுமந்த தாய், தன் மகள் அக்கூடையைத் தொடலாகாது என்று எண்ணுவது தாய்மையின் இயல்பன்றோ?

மண்ணின் மணம் என்றும் மலையின் எழில் என்றும் பேசி இளைஞரைத் தங்கவைக்க முயல்வோர் உளர். மூடுபனியும் அருவியும் காண்பதற்கு இனியவை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறையினர் ஒருங்கே படுத்துறங்குவது இனியதன்று. எழிலைக் காரணம் காட்டி இருந்தவர் ஒருவரையும் யான் கண்டிலேன். இருப்பவர் கூறும் காரணங்கள் வேறு.

மூவர் கூறியவை

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் உயர்தரம் முடித்தவுடன் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் ஐந்தாண்டு வேலை பார்த்தார். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் அல்லலுற்றபோது ஊர் திரும்பினார். வந்தது நெருக்கடியால், தங்கியது அதனால் அன்று. நிலைமை தணிந்தபின் முதலாளி மறுபடியும் அழைத்தார், இவர் போகவில்லை. லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்தில் லீக்சும் கரட்டும் பயிரிடுகிறார். மாலையில் கைத்தொலைபேசி திருத்துகிறார். காரணம் கேட்டேன். "சம்பளம் அங்கதான் கூட, சேர். ஆனா ஒரு ரூம்ல ஆறு பேரு படுத்து, கடைச் சோறு தின்னு, மாசக் கடைசியில கையில நின்ன காசு இங்க நிக்கிற காசுதான். அஞ்சு வருசமும் என்னைய 'பையா'ன்னுதான் கூப்பிட்டாங்க. இங்க எனக்கு ஒரு பேர் இருக்கு" என்றார். தோட்டத்திலே பேர் என்றால் ஒரு நாள் வேலை. முழுப்பேர், அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளை எழுதுவது. பாட்டன் கொழுந்து பறித்துப் பெற்ற பேர் அது. பேரன் தேடியதோ தன்னை மனிதனாக அறிந்து அழைக்கும் பேர்.

இரண்டாமவர் ஓர் ஆசிரியை. பத்தனையிலுள்ள சிறீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிற் பயின்று, தாம் பிறந்த தோட்டத்துக்கு அருகேயுள்ள வித்தியாலயத்தில் கணிதம் கற்பிக்கிறார். வத்தளையிலிருந்து நல்ல வரன் ஒன்று வந்தது. இடமாற்றம் பெற்று வரவேண்டும் என்பது அவர்கள் இட்ட நிபந்தனை. இவர் மறுத்துவிட்டார். தாயார் இரண்டு மாதம் மகளோடு பேசவில்லை. "நான் பத்தாம் வகுப்பு படிக்கிறப்ப எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை, சேர். ஒரு வருசம் வகுப்பு சும்மாவே இருந்துச்சு. இப்ப நானும் போயிட்டா அதே வகுப்பு மறுபடியும் சும்மா இருக்கும்" என்பதே அவர் சொன்ன விளக்கம். தோட்டப் பள்ளிகளை 1970களின் பிற்பகுதி முதல் அரசு பொறுப்பேற்றபின், மலையகத்திலே படித்தோர் கூட்டம் ஒன்று உருவாகியது. அக்கூட்டத்துக்கு முதுகெலும்பாய் அமைந்தது ஆசிரியத் தொழிலே. ஒருவர் ஊரில் இருப்பதற்கு ஊதியம் மட்டும் போதாது. தாம் இல்லாவிடின் ஏதோ ஒன்று நின்றுபோகும் என்னும் உணர்வும் வேண்டும். அவ்வுணர்வு ஆசிரியர்க்கு எளிதில் வாய்க்கிறது. மருத்துவமாது, முன்பள்ளி ஆசிரியை, நூலகர் ஆகியோர்க்கும் அது பொருந்தும்.

மூன்றாமவர் கொழுந்து பறிப்பவர், வயது இருபத்தாறு. கணவர் கொழும்பிலே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து, தீபாவளிக்கும் மாசியிற் காமன் கூத்துக்கும் ஊர் வருகிறார். இரு குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, இவர் நாள்தோறும் மலைக்குப் போகிறார். தலைவன் பொருள்வயிற் பிரிய, தலைவி ஆற்றியிருக்கும் முல்லை ஒழுக்கமே இது என்று முதலில் யான் எண்ணினேன். அவர் கூறிய காரணமோ வேறு. "நானும் போனா இந்தக் காம்பரா போயிரும், சேர். பேர் விழுந்தாத்தானே வீடு" என்றார். முல்லைத் தலைவி தன் மனையிலே இருந்தாள். இப்பெண் தனக்குரியதல்லாத மனையைக் காத்துக்கொண்டு இருக்கிறாள்.

இம்மூவரும் இருப்பவரே. முதலாமவர் கணக்குப் பார்த்து இருக்கிறார். இரண்டாமவர் கடமை கருதி இருக்கிறார். மூன்றாமவர் இருந்தே ஆகவேண்டியிருக்கிறார். மூவரையும் ஒரே வரியில் வைத்து, இளைஞர் ஊரை விரும்புகின்றனர் என்று எழுதிவிட்டால் அது பொய்யாகும்.

இருத்தல் வேறு, மலைக்குப் போதல் வேறு

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. தோட்ட நிருவாகத்தார் ஆள் பற்றாக்குறை என்று முறையிடுகின்றனர். இளைஞர் எல்லோரும் போய்விட்டனர் என்பது அவர்கள் வாதம். அட்டன் கடைவீதியிலோ தலவாக்கலை பஸ் நிலையத்திலோ ஒரு நாழிகை நின்றால் இவ்வாதத்தின் பாதி கரைந்துபோகும். முச்சக்கர வண்டி ஓட்டுவோர், மேசன் வேலை செய்வோர், மரக்கறி ஏற்றுவோர், கடை நடத்துவோர், தையல் நிலையம் வைத்திருப்போர் என இளைஞர் பலர் ஊரிலேயே இருக்கின்றனர். அவர்கள் துறந்தது மலைக்குப் போகும் வேலையை, மலையை அன்று. பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் நின்று, கங்காணியின் குரலுக்குத் தலைகுனியும் வாழ்வையே அவர்கள் விட்டனர். ஊரையும் தோட்டத்தையும் ஒன்றெனக் கருதியவர் முதலாளிமாரே. மக்களோ இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டனர். தோட்டம் என்னும் தொழிற்களம் ஊர் என்னும் வாழ்களமாக மாறும் இம்மாற்றத்தை யான் மகிழ்ச்சியோடு நோக்குகிறேன்.

காணியின்றி ஊரில்லை

ஊர் ஆவதற்கு மக்கள் மட்டும் போதாது, காணி வேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1990களிலே அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இன்று காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, காம்பரா, ஆறேழு தலைமுறையாக அதில் வாழ்ந்தவருடையது அன்று. லீக்சு பயிரிடும் அவ்விளைஞருடைய நிலத்தை நாளை எவரேனும் திரும்பக் கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் ஓர் உறுதியும் இல்லை. வங்கி அவருக்குக் கடன் கொடாது; ஈடு வைக்க ஒன்றுமில்லை.

இதற்கு மாறான நிலையையும் இத்தீவிலேயே காணலாம். இலங்கைத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டதை விளைவிப்போர் காலி, மாத்தறை, இரத்தினபுரி முதலிய பகுதிகளிலுள்ள சிறுதோட்டக்காரரே. அங்கே கிராமத்து இளைஞன் பட்டணத்தில் உத்தியோகம் பார்த்தாலும், விடுமுறை நாளில் தன் அரை ஏக்கரைப் பார்க்க ஊர் வருகிறான். அதே செடி, அதே கொழுந்து. வேறுபாடு உறுதியில் உள்ளது.

மலாயாவிலும் ஒரு பாடம் உண்டு. 1950களில் வெள்ளையர் தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாட, தமிழ்த் தொழிலாளர் வீடிழந்து தெருவில் நின்றனர். அதனைக் கண்ட வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தாற் காக்க இயலவில்லை. ஆயினும் தொழிலாளி நிலத்துக்கு உடையவன் ஆகலாம் என்பதை அது மெய்ப்பித்தது. மூணாற்றுத் தமிழ்த் தொழிலாளரோ ஓய்வு பெற்றதும் லயத்தை விட்டு வெளியேற வேண்டியவர். திரும்பிப் போகத் தமிழ்நாட்டில் ஓர் ஊர் உண்டு என்று அவர்களுட் பலர் ஆறுதல் கொள்ளலாம். நம்மவர்க்கு அவ்வாறுதலும் இல்லை. நமக்கு வேறு ஊர் இல்லை, இதுவே ஊர்.

உறுதியின்மை உயிருக்கும் ஊறாகிறது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொசுலாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2020 ஆகத்தில் மூணாற்றுப் பெட்டிமுடியிற் புதையுண்டவையும் லயங்களே. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வாப் புயலின்போதும் மலைச்சரிவுகள் பெயர்ந்து பல உயிர்களைக் கொண்டன. ஆபத்தான இடம் என்று அறிந்தும் பெயராமல் இருப்பவரைப் பார்த்து, ஏன் இருந்தீர்கள் என்று கேட்பது எளிது. பெயர்வதற்கு அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் சொந்தமாக இருந்ததா என்று கேட்டல் முறை.

முகவரியும் அவ்வாறே. லயத்திலே வாழ்வோர்க்குத் தனி முகவரி இல்லாமையால், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வந்துசேர்வதே நெடுங்கால வழக்கம். நேர்முகத் தேர்வு நாள் கடந்தபின் அழைப்புக் கடிதம் பெற்ற மாணவர்களை யான் அறிவேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது; வாக்களித்து உறுப்பினரை அனுப்பியவர் வாயிலுக்கு ஒரு பாதை போட முடியாத விந்தை அது. 2018இலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்னும் திட்டத்தாலும், இந்திய அரசின் வீடமைப்பு உதவியாலும் சில தோட்டங்களிலே புதிய குடியிருப்புகள் எழுந்துள்ளன. அவ்வீடுகளின் முற்றத்தில் பூச்செடிகள் இருக்கின்றன, பழமரங்கள் நடப்பட்டிருக்கின்றன. லயத்து வாசலில் எவரும் பலாக்கன்று நட்டதை யான் கண்டதில்லை. காய்க்கும் வரை தான் அங்கே இருப்போம் என்னும் நம்பிக்கை உள்ளவனே பலாக்கன்று நடுவான்.

பெயர் தந்த மண்

2023ஆம் ஆண்டு, மலையக வரலாற்றின் இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியே இளைஞரும் நடந்தனர். முன்னோர் நடந்தது பிழைப்புத் தேடி. இவர்கள் நடந்தது இம்மண்ணில் தமக்குள்ள உரித்தை உலகறியச் செய்தற்கு.

இருத்தலின் பெருமையை நம் எழுத்தாளர் முன்பே உணர்த்தியுள்ளனர். மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் கொழும்பிலே கல்வி பெற்றவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தவர். எங்கும் போய் வாழ வல்லவராயிருந்தும் தம் மக்களிடையே நின்று, அவர்தம் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தார். அவர் அன்று தொகுத்திராவிடின் அவற்றுட் பல, பாடியவரோடு மறைந்திருக்கும். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்த ஜோசப் அவர்கள் பின்னர்க் கொழும்பில் வாழ்ந்தார்; ஆயினும் 2022இல் மறையும்வரை அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் சூடியிருந்தார். உடலால் இருந்தவர் ஒருவர். பெயரால் இருந்தவர் ஒருவர். இருவரும் இம்மலைக்கு உரியவரே.

ஆசிரியர் செய்யத்தக்கது

எதிர்காலத்தில் யான் வாழ விரும்பும் இடம் என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர் பெரும்பாலோர் கொழும்பு என்றோ கனடா என்றோ எழுதுகின்றனர். ஓரிருவர் மட்டும் தம் தோட்டத்தின் பெயரை எழுதுகின்றனர். அவ்வோரிருவரை முயற்சியற்றவர் என்று எண்ணும் இயல்பு ஆசிரியராகிய நம்மிடம் உண்டு. முன்னேறுதல் என்றால் வெளியேறுதல் என்று நாமே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அவ்விரு சொற்களையும் பிரித்துக் கற்பித்தல் நம் கடன்.

போக விரும்பும் மாணவனுக்குப் போகும் வழியைக் காட்டுவோம். அவனுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தொழிற்கல்வியும் வேண்டும். இருக்க விரும்பும் மாணவிக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பு அருகிலே வேண்டும்; அவள் பெயருக்கு ஒரு முகவரியும், அவள் வீட்டுக்கு ஓர் உறுதியும் வேண்டும். வகுப்பை நாம் நடத்தலாம். முகவரியையும் உறுதியையும் தரவேண்டியவர்கள் ஆட்சியில் இருக்கின்றனர்; அவற்றைக் கேட்டு மனு எழுதும் தமிழையாவது நம் மாணவர்க்கு நன்கு கற்பிப்போம். முதல் மனு, பேர் விழுந்தாலன்றி வீடு இல்லை என்ற அந்தப் பெண்ணின் காம்பராவுக்காக எழுதப்படுவதாக.